இறாலை ஒதுக்கினால் மட்டும் போதாது

"இறாலைத் தொடவே இல்லை டாக்டர், வெறும் கங்கோங் கீரைதான் சாப்பிட்டேன்." இறால் ஒவ்வாமையால் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப்போய் வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. அவர்கள் சொல்வது உண்மைதான். தட்டில் இறால் இருந்திருக்காது, பெலாச்சான் இருந்திருக்கும்.

மலேசிய ஒட்டுக்கடைகளில் பெலாச்சான் சேராத சாம்பால், அதாவது மிளகாய் விழுது, அபூர்வம். கெராகாவ் என்கிற பொடி இறாலை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, இடித்துப் புளிக்கவைத்தால் அதுதான் பெலாச்சான். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்கான சாம்பாலிலும், லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பின் மசாலாவிலும் ஒரு துண்டு சேர்த்து அரைப்பார்கள். சைவம் சாப்பிடுகிற நம்மவர்கள் பலர் இது தெரியாமலேயே கங்கோங் பெலாச்சானை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஒவ்வாமை உள்ளவர்களோ, "வதக்கிய சின்னத் துண்டு என்ன செய்துவிடும்?" என்று கேட்பார்கள். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் டிரோபோமயோசின் என்ற புரதம். அது அடுப்புச் சூட்டில் அழிவதில்லை. ஒவ்வாமை கடுமையாக உள்ளவருக்குக் கொஞ்சமே போதும்.

பினாங்கு ஆசாம் லக்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மீன் கரைந்த புளிக்குழம்பு, மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா. இறால் எங்கும் கண்ணில் படாது. ஆனால் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு கரண்டியில் கறுப்பாக, பாகுபோல ஒன்றை வைத்துத் தருவார்கள். அது ஹே கோ, இறாலிலிருந்து எடுக்கும் கெட்டி விழுது. ரோஜாக் என்ற பழ, காய்கறிக் கலவை மேல் ஊற்றும் கறுப்புச் சாறிலும் அதுதான். கரண்டியை ஒதுக்கி வைத்தாலும் பயனில்லை, குழம்பில் ஏற்கெனவே பெலாச்சான் சேர்ந்திருக்கும்.

அதனால் "இறால் வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைக்காரர் மேலே போடும் இறாலை விட்டுவிட்டு நல்லெண்ணத்தோடு மற்றதெல்லாம் போட்டுத் தருவார். "ஆடா பெலாச்சான் தாக்? ஆடா ஹே கோ?" (பெலாச்சான் இருக்கிறதா? ஹே கோ இருக்கிறதா?) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சமைப்பவரையே கேட்பது நல்லது. சார் குவே தியாவ் என்ற வறுத்த தட்டை நூடுல்ஸ் விற்கும் கடையில் ஒரே வாணலியில் தட்டுக்குத் தட்டு இறால் புரளும், அங்கே கேட்டும் பலனில்லை, தவிர்த்துவிடுங்கள். மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் ரொட்டி சானாய்க்குப் (பரோட்டா போன்றது) பருப்புக்குழம்பு மட்டும் கேட்டு வாங்குங்கள், சாம்பால் வேண்டாம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் நாசி லெமாக், ரோஜாக், அப்பாம் பாலிக் (கடலைப்பொடி வைத்து மடித்த அப்பம்) மூன்றிலும் கவனமாக இருக்க வேண்டும்.

சாப்பிட்ட சற்று நேரத்தில் மூச்சு இறுகினாலோ, குரல் கரகரத்தாலோ, தலை சுற்றினாலோ காத்திருக்கவே கூடாது. அரிப்பு மாத்திரை இதற்குப் போதாது. அட்ரினலின் ஊசி வைத்திருந்தால் தொடையின் வெளிப்புறத்தில் உடனே போட்டுவிட்டு அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள். ஆளை எழுப்பி நடக்கவிடாதீர்கள், படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்காரட்டும். சரியாகிவிட்டதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், சில மணி நேரம் கழித்து அதே பாதிப்பு மறுபடியும் வரக்கூடும்.

அப்புறம், ஊசியைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நம் ஊர் வெயிலில் நிற்கும் காருக்குள் அந்த மருந்து வீரியம் இழந்துவிடும்.