ஷேர் என்பது பங்கு அல்ல, பகிர்வு

வீட்டில் லினக்ஸ் கணினி ஒன்றும் விண்டோஸ் கணினி ஒன்றும் இருந்தால், ஒன்றில் உள்ள கோப்பை மற்றதில் திறக்க சாம்பா என்ற மென்பொருள் உதவும். அதை விளக்கும் ஒரு தமிழ்க் குறிப்பு மலேசியாவின் பினாங்கில் வாட்சப் வழியே சுற்றி வருகிறது. அதில் 'விண்டோஸிலிருந்து லினக்ஸ் பங்கைத் திறக்கவும்' என்று ஒரு வரி. ஷேர் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் பங்கு என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் பங்கு என்றால் மலாயில் சொல்லும் சஹாம், அதாவது முதலீட்டுப் பங்கு. அமானா சஹாம் என்ற முதலீட்டு நிதியில் பணம் போட்டிருக்கும் பெரியம்மா ஒருவரிடம் இதைக் காட்டினால், டிவிடென்ட் எப்போது என்றுதான் கேட்பார்.

கணினியில் ஷேர் என்பது ஒரு கோப்புறைக்குப் பெயர் வைத்து, வலையில் உள்ள மற்ற கணினிகளையும் அதற்குள் வர விடுவது. சாம்பாவின் அமைப்புக் கோப்பில் சதுர அடைப்புக்குள் அந்தப் பெயர் இருக்கும். அதன் கீழே கோப்புறை இருக்கும் இடம், படிக்க மட்டுமா எழுதவும் விடுவதா என்ற விவரம். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

வேர் பற்றிச் சுருக்கமாக: ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது வெட்டுதல். தமிழில் பகு என்ற வேரிலிருந்து பகுதி, பகிர், பங்கு எல்லாம் வந்தன. சரி, ஒரே வேர்தானே, எதை எழுதினால் என்ன என்று கேட்கலாம்.

ஒரே வேர்தான், ஆனால் ஒரே வேலை இல்லை. பங்கு என்பது பிரித்து முடித்தபின் ஒருவர் கைக்கு வந்தது. 'தாத்தா நிலத்தில் என் பங்கு' என்றால் அதில் அண்ணனுக்கு உரிமை இல்லை. பகிர்வது அப்படியல்ல. செய்தியைப் பகிர்ந்தவரிடமும் செய்தி இருக்கிறது, கேட்டவரிடமும் இருக்கிறது. சாம்பா செய்வதும் இதைத்தான்.

பங்கு என்றே எழுதுபவர்களிடம் ஒரு பதில் உண்டு: கணினியின் வன்வட்டைப் பிரிக்கும் பார்ட்டிஷனுக்குப் பகிர்வு என்று ஏற்கெனவே எழுதிவிட்டார்களாம், அதனால் ஷேருக்கு வேறு சொல் வேண்டுமாம். முதல் தவறைக் காப்பாற்ற இரண்டாவது தவறு! வட்டைத் துண்டாக்குவதில் யார் யாரோடு எதைப் பகிர்கிறார்கள்? அதற்குப் பிரிவு என்ற எளிய சொல் இருக்கிறது. இதில் ஆபத்தும் உண்டு. ஷேரை நீக்கினால் வெளியிலிருந்து வரும் வழி மட்டும் அடைபடும், கோப்புகள் பத்திரமாக இருக்கும். பார்ட்டிஷனை நீக்கினால் அதிலுள்ள கோப்புகள் கையை விட்டுப் போகும். 'பகிர்வை நீக்கு' என்ற ஒரே பொத்தான் இரண்டு திரையிலும் இருந்தால் என்ன ஆகும் என்று மொழிபெயர்த்தவர் யோசித்திருக்க வேண்டாமா? திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் பார்த்து வேலை செய்தால் இப்படித்தான் வரும்.

கொங்சி என்றே எழுதிவிடலாமே என்பவர்களும் இங்கே உண்டு. பினாங்கு ஜார்ஜ்டவுனின் கூ கொங்சியில் அது குலச் சங்கம். ஹொக்கியன் என்ற சீனப் பேச்சிலிருந்து மலாய்க்குப் போய்ப் பகிர்தல் என்றும் ஆனது. பேச்சில் நானும் 'ஃபைலக் கொங்சி பண்ணு' என்றுதான் சொல்கிறேன். ஆனால் மதுரைக்காரருக்கு அது புரியாது. எழுத்தில் பகிர்வு, அந்தக் கோப்புறையைக் குறிக்கப் பகிர்வுறை. கோப்புறை பழகியவருக்கு இது உறுத்தாது.

அதே வாட்சப் குறிப்பில், வலையில் சேர்ந்திருக்கும் கணினிக் கூட்டத்தின் பெயரைக் கேட்கும் வொர்க்குரூப் என்ற இடத்தில் 'பணிக்குழு' என்று தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறது. விண்டோஸ் வழக்கமாக வைத்திருக்கும் பெயரே அந்த ஆங்கிலச் சொல்தான். லினக்ஸ் பக்கமும் எழுத்து மாறாமல் அதையே கொடுக்க வேண்டும். பொருளை மொழிபெயர்க்கலாம், பெயரை எதற்கு? நல்லவேளை, சாம்பாவை விட்டுவைத்தார்கள். கணினிகள் கோப்பைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற நெறிமுறையின் மூன்று எழுத்துகளும் வரும் சொல்லாகத் தேடி, அதை உருவாக்கிய ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் வைத்த பெயர் அது.