விரிந்த பரசூட்டின் கீழே நடக்கும் விபத்துகள்

இந்த மாசியில் முரசுமோட்டைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான்.

“மாமா, இதைப் பாருங்கோ. 135. ரெண்டு வருசம்தான் பாவிச்சது. பாதி விலைக்குத் தாறன் எண்டு சொல்லுறார்.”

ஸ்பெயினில் பயிற்சி முடித்து 62 தடவை விமானத்திலிருந்து பரசூட்டோடு குதித்திருக்கிறான். இப்போது வாடகைக்கு எடுத்துப் பறப்பது 190 சதுர அடிக் கனொப்பி, அதாவது தலைக்கு மேலே விரியும் பரசூட் துணி. வாங்க நினைப்பது 135, அதுவும் ஓரங்கள் வளைந்து ஒடுங்கிய வேக ரகம். நான் 14 ஆண்டுகளாக ஒன்ராறியோவில் கனொப்பி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் விட்டால் அடுத்த மாதம் வேறு ஒருவரிடம் வாங்கிவிடுவான். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். லண்டன், டொரொண்டோ, சூரிச், மெல்பேர்ண் என்று எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது குதிக்கிறார்கள். அவர்களுடைய தாய் தகப்பன் வன்னியில் இருந்துகொண்டு கேட்கும் ஒரே கேள்வி, “விரியாட்டி என்ன செய்வாய்?” என்பதுதான். அக்காவும் அதைத்தான் கேட்டார்.

விரியாவிட்டால் முதுகில் இரண்டாவது பரசூட் இருக்கிறது. ஆள் மயங்கிப்போனாலும் குறித்த உயரத்தில் அதைத் தானாகத் திறக்கும் கருவியும் இருக்கிறது. அந்தக் கருவிகள் 1990களில் பரவிய பிறகு எத்தனையோ உயிர் தப்பியிருக்கிறது. அமெரிக்காவில் 2023இல் ஏறத்தாழ 36 இலட்சத்து 50 ஆயிரம் குதிப்புகள் நடந்தன, இறந்தவர்கள் 10 பேர். அதனால் பெற்றோர் இரவில் நித்திரை கொள்ளாமல் கிடக்கத் தேவையில்லை. ஆனால் ஆண்டுதோறும் வரும் விபத்து அறிக்கைகளை வாசித்தால் ஒன்று திரும்பத் திரும்ப வரும்: நன்றாக விரிந்த, ஒரு குறையும் இல்லாத பரசூட்டின் கீழே, கடைசிச் சில நூறு அடியில் ஆள் அடிபடுகிறார். கால், இடுப்பு, முதுகெலும்பு முறிகிற சம்பவங்களில் நான் கண்ணால் கண்டவை முழுக்க இந்த வகைதான். இரண்டாவது பரசூட்டும் தானியங்கிக் கருவியும் அந்த உயரத்தில் ஒன்றும் செய்யாது.

எங்கள் வயதுக்காரருக்குப் பரசூட் என்றால் யுத்த காலத்தில் பரா லைட்டோடு, அதாவது இரவில் வெளிச்சத்துக்கு வானத்தில் விடும் விளக்கோடு, இறங்கிய வெள்ளைக் குடை. விடிந்ததும் வயலுக்குள் தேடிப்போய் அந்தத் துணியையும் நூலையும் பொறுக்கி வருவோம். அது வட்டக் குடை. காற்று கொண்டுபோன இடத்தில் விழும். இன்றைக்கு ஸ்கைடைவிங்கில் போடுவது குடையல்ல, இறக்கை. பட்டம் செய்வதிலேயே கைதேர்ந்த டொமினா ஜால்பேர்ட் என்பவர் 1960களில் இதற்கு வடிவம் கொடுத்தார். முன்வாய் திறந்த துணி அறைகள் வரிசையாக இருக்கும். காற்று உள்ளே புகுந்து அவற்றை விமான இறக்கைபோல உப்பவைக்கும். இறக்கை என்பதால் அது முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா விட்டால் நிற்காது. நிறுத்துவது ஓட்டுபவரின் வேலை.

சரி, 135க்கு வருவோம். மருமகனின் எடை 75 கிலோ. பை, உடை, தலைக்கவசம் எல்லாம் 13 கிலோ. மொத்தம் 88 கிலோ, அதாவது ஏறத்தாழ 194 இறாத்தல். இதைக் கனொப்பியின் சதுர அடியால் பிரித்தால் வருவது இறக்கைச் சுமை. 190இல் அது 1.02. 135இல் 1.44. எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். பறக்கும்போது வேகம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடும், நிலத்தில் மோதினால் உடம்பு வாங்கும் சக்தி 40 சதவீதம் கூடும். அமெரிக்கப் பரசூட் சங்கம் தொடக்கநிலை ஏ, பி உரிமம் உள்ளவர்களை 1.0க்கு மேல் போக வேண்டாம் என்கிறது. பயிற்சியாளர்கள் பலர் வைத்திருக்கும் ஒரு கணக்கும் உண்டு: முதல் 100 குதிப்பு வரை 1.0, பிறகு ஒவ்வொரு 100க்கும் 0.1 கூட்டலாம். அந்தக் கணக்கில் 1.44க்குப் போக 500க்கு மேல் குதித்திருக்க வேண்டும். அவன் குதித்தது 62.

மெலிந்த பிள்ளைகளுக்கு இந்த எண் மட்டும் போதாது. 50 கிலோ உள்ள ஒரு பெண்பிள்ளை 135 போட்டால் கணக்கு 1.0தான் வரும். ஆனால் சின்னக் கனொப்பிக்குக் கயிறுகள் குட்டை. கை சற்று அசைந்தாலே அது சட்டென்று திரும்பித் தலைகுப்புற இறங்கும். “உனக்குக் கணக்குச் சரி” என்று சொல்லிப் புதியவர்களின் தலையில் சின்னதைக் கட்டிவிடுகிற விற்பனைக்காரர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு அதில் கோபம் உண்டு. வெயிலும் சேரும்: சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதே கனொப்பி அதில் இன்னும் வேகமாக ஓடும். இங்கிலாந்துக் குளிரில் பழகியவர் ஆவணி மாதத்து ஸ்பெயினில் இறங்கும்போது நிலம் விரைந்து வருவதாக உணர்வது இதனால்தான்.

பின்னேரம் பெரியப்பா களத்தில் விதைநெல் தூற்றிக்கொண்டிருந்தார். அறுவடையெல்லாம் இப்போது மெஷின்தான், விதைக்கு எடுப்பதை மட்டும் அவர் கையாலேயே தூற்றுவார். சுளகை உயர்த்துமுன் ஒரு பிடி பதரை எடுத்து விரலிடுக்கால் விட்டுப் பார்க்கிறார். வாடைக்காற்று. பதர் சாய்ந்து விழும் பக்கத்தைப் பார்த்துக் கால் இரண்டடி நகர்கிறது. பிறகுதான் நெல் சரிகிறது. பனை வரிசைக்குப் பக்கத்தில் ஏன் தூற்றுவதில்லை என்று மருமகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். “அங்கை காத்துச் சுழலும் தம்பி, பதர் திரும்பி நெல்லுக்கை விழும்” என்றார்.

அதேதான். மரவரிசை, கட்டடம் எதுவானாலும் அதன் உயரத்தைப்போல 10 முதல் 20 மடங்கு தூரம் வரை காற்று போகும் பக்கத்தில் சுழல் இருக்கலாம். 60 அடிப் பனை என்றால் 600 அடிக்கு அப்பாலும் நம்ப முடியாது. அந்தச் சுழலுக்குள் கனொப்பியின் அறைகள் சுருங்கினால் திரும்ப உப்புவதற்கு உயரம் இருக்காது. எந்தத் தளத்தில் குதித்தாலும், விமானம் ஏறுமுன் காற்று எந்தப் பக்கம், எந்த மரத்துக்குப் பின்னால் இறங்கக்கூடாது என்று பார்த்துவிடுங்கள்.

மறுநாள் காலை அவனை இரணைமடுக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூழைக்கடா ஒன்று தண்ணீரில் இறங்குவதை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றேன். உயரத்தில் இருக்கும்போதே வட்டம் போட்டுக் காற்றுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. அப்புறம் ஒரு திருப்பமும் இல்லை. நேர்கோடு. தண்ணீருக்குச் சற்று மேலே இறக்கையைக் குவித்துக் காலை முன்னே நீட்டி, வேகம் கரைந்து, வழுக்கி நின்றது. நாங்கள் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கும் இதுவே: ஏறத்தாழ 1000 அடியில் காற்றோடு போகும் பாதை, 600இல் குறுக்குப் பாதை, 300இல் காற்றுக்கு எதிராகக் கடைசிப் பாதை. 300க்குக் கீழே பெரிய திருப்பம் எதுவும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு பிள்ளையின் கதை. நான் முன்பு வேலை செய்த ஒரு தளத்தில் நடந்தது. புதுக்குடியிருப்பில் பிறந்த தம்பி. 110 குதிப்பு, தனக்கு மிஞ்சிய வேகக் கனொப்பி. கடைசிப் பாதையில் வந்துகொண்டிருந்தபோது, காற்றடிக்கும் பக்கத்தைக் காட்டும் துணிக்குழாய் திரும்பியதைக் கண்டான். காற்றோடு இறங்கப்போகிறோம் என்று பயந்து, எழுபது எண்பது அடியில், கனொப்பியைத் திருப்பும் கைப்பிடி இரண்டில் ஒன்றைத் தொடைவரை இழுத்தான். அந்த வகைக் கனொப்பி திரும்பும்போது பக்கவாட்டில் போவதில்லை, கீழே பாயும். பாய்ந்து நிமிர அதற்கு இன்னும் நூறடிக்கு மேல் வேண்டும். நான் புல்லில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கனொப்பி அழகாக விரிந்தபடியே இருந்தது, அவன் அதன் கீழ் ஊஞ்சலில் வீசியதுபோல வந்து விழுந்தான். தொடையெலும்பு முறிந்தது. நான் ஓடிப்போனபோது முதலில் கேட்டது, “அண்ணா, காத்துப் பக்கம் சரிதானே?” என்று.

அன்று காற்று மணிக்கு ஆறேழு கிலோமீற்றர்தான். திரும்பாமல் நேராகவே வந்திருந்தால் கொஞ்சம் வேகமாகப் புல்லில் சறுக்கியிருப்பான், காற்சட்டை பச்சையாகியிருக்கும். அதனால்தான் வரிசையை மாணவர்களிடம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொல்கிறேன். முதலில் இறக்கை மட்டமாக இருக்க வேண்டும். இரண்டாவது, தடை இல்லாத இடம். மூன்றாவது, கைப்பிடியைப் பாதிவரையாவது இழுத்து வேகத்தை அடக்க வேண்டும். நான்காவது, விழத் தயாராக உருளும் நிலை. காற்றுக்கு எதிராக இறங்குவது நல்லது, ஆனால் இந்த நான்கில் எதையும் அதற்காக விட்டுக்கொடுக்கக்கூடாது. கீழே மாடு குறுக்கே வந்துவிட்டதா? இரண்டு கைப்பிடியையும் பாதியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைச் சற்று மேலே விடுங்கள். மற்றப் பக்கம் கனொப்பி மெதுவாக, பாயாமல் திரும்பும். இதை 3000 அடியில் நூறு தடவை செய்து கைக்குப் பழக்கியிருந்தால்தான் அறுபது அடியில் கை தானாகச் செய்யும்.

பெரிய கனொப்பியில் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்று மருமகன் சொன்னான். கேட்டேன்: மெல்லிய காற்றில் காற்றோடு இறங்கிப் பார்த்தாயா? குறுக்குக் காற்றில்? குறித்த புள்ளியிலிருந்து பத்து மீற்றருக்குள் தொடர்ந்து பத்துத் தடவை? பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கைப்பிடியைத் தொடாமல், தோளிலிருந்து கனொப்பிக்குப் போகும் பின்பட்டிகளால் மட்டும் ஓட்டி? நான்குக்கும் இல்லை என்றான். 190இல் இதெல்லாம் செய்து முடிக்கவே அவனுக்கு ஓராண்டு பிடிக்கும்.

ஃபிளேர், அதாவது கடைசியில் இரண்டு கைப்பிடியையும் ஒன்றாக இழுத்து வேகத்தை அடக்குவது, அவனுக்கு ஓரளவு கைவந்திருந்தது. பிழை கண்ணில் இருந்தது. காலுக்கு நேர் கீழே பார்க்கிறான். அப்படிப் பார்த்தால் நிலம் திடீரென்று எழும்புகிற மாதிரித் தோன்றி உயரத்திலேயே இழுத்துவிடுவோம். இழுத்தபின் பயந்து கையை மேலே விடுவது அதைவிடக் கெடுதல், கனொப்பி உடனே முன்னே பாயும். உயரத்தில் இழுத்துவிட்டால் அங்கேயே பிடித்து வைத்து, கடைசியில் மிச்சத்தை இழுத்து, உருள வேண்டும். பார்வை எப்போதும் முன்னே, வயல் வரம்பில் சைக்கிள் ஓடுகிறவர் பார்க்கிற தூரத்தில்.

உருள்வதை அன்று பின்னேரமே பழகினோம். லான்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டி விளிம்பு ஏறத்தாழ மூன்றடி. கீழே வைக்கோலை முழங்கால் அளவுக்குப் பரப்பினோம். இரண்டு காலையும் ஒட்டவைத்து, முழங்காலைச் சற்று மடித்து, கையை நெஞ்சோடு அணைத்துக் குதிக்க வேண்டும். முதலில் பாதத்தின் முன்பகுதி, பிறகு கெண்டைக்கால், தொடை, புட்டம், எதிர்ப்பக்க முதுகு என்று உடம்பு வரிசையாக நிலத்தைத் தொட்டு உருளும். மருமகன் பன்னிரண்டு தடவையும் கையை ஊன்றினான். மணிக்கட்டு முறிவது இப்படித்தான். அக்காவின் பத்து வயது மகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் ஏறிக் குதித்து, முதல் தடவையே கை ஊன்றாமல் உருண்டாள். அவளைத் திரும்பத் திரும்பக் குதிக்கச் சொல்லி அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். பதினெட்டாம் தடவையோ என்னவோ, கை நெஞ்சோடு நின்றது.

இரவு சாப்பிட்டுக்கொண்டே விற்பனைக்காரருக்கு வேண்டாம் என்று எழுதினான். 200 குதிப்பு தாண்டட்டும், 170 சதுர அடியைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். வைக்கோலைக் கூட்டி அள்ள அக்கா வந்தபோது, வலப்பக்கம்தான் சரி வந்தது, நாளைக்கு இடப்பக்கமும் பழக வேண்டும், அப்படியே கிடக்கட்டும் என்றான்.