அசைன்மென்ட் மார்க் உங்களைக் காப்பாற்றாது

ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் பாடம் நடத்துகிற என்பிடெல் கோர்ஸ்களின் ரிசல்ட் வந்ததும் இந்த முறையும் அதே கதைதான். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் போனை நீட்டுகிறார்: அசைன்மென்ட் 25-க்கு 25, தேர்வு 75-க்கு 27, சர்டிபிகேட் இல்லை. "மேடம், மொத்தம் 52 வருதே, 40 எடுத்தா பாஸ்தானே?"

இல்லை தம்பி. அசைன்மென்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். தேர்வில் 29 எடுத்துவிட்டு அசைன்மென்டில் முழு மார்க் வைத்திருந்தாலும் ஃபெயில்தான். கல்லூரியில் இதை ஒருங்கிணைக்கிற ஆள் என்ற முறையில் ஒவ்வொரு செமஸ்டரும் இதைச் சொல்கிறேன், தலையாட்டுகிறார்கள், அப்புறம் கெடுவுக்கு முந்தின ராத்திரி ஏதோ ஒரு குரூப்பில் வருகிற விடைகளைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வீடியோ ஒன்றுகூடத் திறந்திருக்க மாட்டார்கள். தேர்வோ மையத்தில் நேரில், கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து எழுதுவது. அங்கே எந்த குரூப் வரும்? இன்னொன்று, சர்டிபிகேட்டில் இரண்டு மார்க்கும் தனித்தனியாக அச்சாகிறது. பக்கத்து பக்கத்தில் 25/25, 31/75 என்று பார்க்கிற எவருக்கும் நடந்தது என்னவென்று உடனே புரிந்துவிடும்.

கோபத்துக்குக் காரணம், இது எவ்வளவு பெரிய வசதி என்று எனக்குத் தெரியும் என்பதுதான். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது. 2014 முதல் சர்டிபிகேட்டும் தருகிறார்கள். சரியான ஆசிரியர் கிடைக்காத பாடத்தைச் சின்ன ஊர் கல்லூரிப் பெண் ஒருத்தி ஐஐடி பேராசிரியரிடம் காசில்லாமல் கேட்கலாம், புரியாத இடத்தை நிறுத்தி நிறுத்தி நாலு தடவை கேட்கலாம். அப்படிப் படித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இலவசம் என்றால் பாதியில் விடுவது உலகம் முழுக்க நடக்கிறது. 2011-இல் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர்கள் இலவசமாக நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர், முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம்தான். விட்டதில் அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. உங்களுக்கு அப்படியில்லை, டிகிரிக்குக் கணக்காகிற கிரெடிட்டுக்காக எடுத்த பாடம் போனால் அந்தக் கிரெடிட்டும் போச்சு.

அதனால், ஐந்து கோர்ஸில் பெயர் கொடுக்காதீர்கள், ஒன்று போதும். கோர்ஸில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு, இரண்டாவதற்குக் கட்டணமும் கடைசித் தேதியும் உண்டு. 12 வார கோர்ஸில் சிறந்த 8 அசைன்மென்ட்தான் கணக்கு, அதனால் ஒரு வாரம் தவறினால் பதறி விடையைத் தேடி ஓடாதீர்கள், தப்போ சரியோ நீங்களே போடுங்கள்.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லிங்கை அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். வாரத்தில் ஒரு பீரியட் ஒதுக்கி அவர்களோடு உட்காருங்கள், ஆங்கில வேகத்தில்தான் பாதிப் பேர் இரண்டாவது வாரமே விட்டுவிடுகிறார்கள்.

மாணவர்களே, முதல் வார வீடியோ புரியவில்லை என்றால் அந்த வாரமே வந்து கேளுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.