பகல் பன்னிரண்டுக்குப் பெருகும் கடல்: தஹித்தியின் காயல்களில் நீர் ஓடும் விதம்

அமாவாசை, பௌர்ணமி பார்த்துக் கடலைக் கணித்துப் பழகியவருக்குத் தென் பசிபிக் கடலிலுள்ள தஹித்தித் தீவு ஒரு குழப்பம். பெரும்பாலான கரைகளில் ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரம், நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்குப் பெருகிய நீர் நாளை 6.50க்குத்தான் பெருகும். தஹித்தியின் பாப்பேட்டே துறைமுகத்தில் அப்படியில்லை. பகல் 12, நள்ளிரவு 12 மணியை ஒட்டி ஏற்றம். காலையும் மாலையும் 6 மணியை ஒட்டி வற்றம். ஓரிரு மணி முன்பின் ஆகலாம், ஆனால் மாதம் முழுக்க நேரம் சுற்றிவராது. 1817இல் இத்தீவுகளுக்கு வந்த மிஷனரி வில்லியம் எல்லிஸ் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். தீவு மக்கள் நீரின் மட்டத்தைப் பார்த்தே பொழுதைச் சொன்னார்கள் என்பதும் அவர் தந்த தகவல்தான்.

ஓதத்தை எழுப்புவதில் நிலவின் பங்கு சூரியனுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். அப்படியிருக்க இங்கே நிலவு எங்கே போனது? ஆரத்தித் தட்டை லேசாகச் சுழற்றிப் பாருங்கள். விளிம்பில் நீர் ஏறி இறங்கிச் சுற்றும், நடுவில் மட்டம் அசையாது. புவி சுழல்வதால் பெருங்கடலிலும் ஓத அலை இப்படிச் சில புள்ளிகளைச் சுற்றியே வருகிறது. நிலவின் ஓதத்துக்கு 12 மணி 25 நிமிடச் சுற்று, சூரியனின் ஓதத்துக்குச் சரியாக 12 மணி. சுற்றுக்காலம் வேறுபடுவதால் இரண்டின் அசையாப் புள்ளிகளும் வேறு வேறு இடங்களில் அமைகின்றன. நிலவின் புள்ளி ஒன்றுக்கு மிக அருகில் தஹித்தி கிடக்கிறது. நிலவின் கை அங்கே தளர்ந்துவிட, எஞ்சுவது சூரியனின் ஓதம். அதுவும் சிறியது, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 30 செ.மீ. வந்தாலே அதிகம்.

அப்படியானால் தீவுக்கும் அதைச் சூழ்ந்த பவளத்திட்டுக்கும் இடையிலான காயலில் நீரோட்டமே இருக்காது என்று நினைத்து இறங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே நீரைத் தள்ளும் முக்கிய இயந்திரம் ஓதமல்ல, அலை. மே முதல் அக்டோபர் வரை தென்கடலில் புயல்கள் எழுப்பும் நெடிய அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாட்களில் இங்கே வந்து சேரும். பவளத்திட்டின் விளிம்பில் அவை உடையும்போது நீர் திட்டைத் தாண்டிக் காயலுக்குள் கொட்டுகிறது. கொட்டிய நீர் வந்த வழியே திரும்ப முடியாது, அடுத்த அலை முட்டித் தள்ளும். காயலின் மட்டம் வெளிக்கடலைவிட உயர்கிறது. அந்த உயரம்தான் நீரைத் திட்டிலுள்ள ஆழமான இடைவெளி வழியாக வெளியே ஓட வைக்கிறது. தஹித்தி மொழியில் அந்த இடைவெளிக்கு ‘ஆவா’ என்று பெயர்.

மலைத்தீவுகளில் ஆவா பெரும்பாலும் ஆற்று முகத்துக்கு எதிரேதான் இருக்கும். நன்னீரும் வண்டலும் வரும் இடத்தில் பவளம் வளராது. பக்கத்துத் தீவான மூரியாவின் குக், ஓபுனோஹு விரிகுடாக்களுக்கு நேரே திட்டு திறந்திருப்பது இதனால்தான்.

வட்டப் பவளத்தீவுகளில் இதே கணக்கு பூதாகரமாகிறது. தஹித்திக்கு வடகிழக்கே சுமார் 350 கி.மீ. தொலைவிலுள்ள ரங்கிரோவாவின் காயல் 1,600 சதுர கி.மீ. அளவு, ஆழமான வாய்கள், அதாவது ஆவாக்கள், இரண்டே: திப்புத்தா, அவாத்தோரு. அவ்வளவு தூரம் தள்ளிவந்ததும் நிலவுக்குப் பிடி திரும்பக் கிடைத்துவிடுகிறது. அதனால் பாப்பேட்டேயின் பகல் 12 மணிக் கணக்கு இங்கே செல்லாது. படகோட்டிகள் நிலவு எழும், மறையும் நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். பேரலை வந்தால் அந்த எண்ணிக்கையும் பொய்க்கும். உள்ளே திரும்ப வேண்டிய நீரோட்டம் பல மணி நேரம் வெளியே ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த வாய்களில் நீரோட்டம் 6 நாட் வரை போகும், அதாவது மணிக்கு 11 கி.மீ. ஒலிம்பிக் 50 மீட்டர் நீச்சல்காரரின் உச்ச வேகமே மணிக்கு 9 கி.மீ.யை ஒட்டித்தான். எனவே முக்குளிப்பவர்கள் நீர் உள்ளே வரும் நேரத்தில் வெளிக்கடலில் இறங்கி, தெளிந்த நீரோடு காயலுக்குள் மிதந்து வருகிறார்கள். வெளியேறும் நீர் கலங்கலாக இருக்கும். ஆளைக் கடலுக்குத் தள்ளும். எதிரே வரும் அலையோடு மோதி நின்ற இடத்திலேயே செங்குத்தாக எழும். திப்புத்தாவில் ஓங்கில்கள் (டால்பின்கள்) துள்ளுவது அந்த அலையில்தான். கரையிலிருந்து பார்க்க அருமை, சிறு படகுக்கு ஆபத்து.

இந்த ஓட்டத்தைக் கூலியில்லா வேலைக்காரனாக்கியவர்கள் ஹுவாஹினே தீவின் மாயேவா ஊர்க்காரர்கள். ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான கால்வாயில் கற்களை அடுக்கி, அகன்று தொடங்கிக் குறுகும் இரண்டு சுவர்கள், முனையில் ஒரு வட்டத் தொட்டி. நீரோடு வரும் மீன் தானாகத் தொட்டியில் சேர்ந்துவிடும். அந்தக் கல் அடைப்புகளை இன்றும் காணலாம்.

முகமூடியும் மூச்சுக்குழலும் மட்டும் கொண்டு நீந்த வருபவருக்கு ஆவா வேண்டாம், ‘ஹோவா’ போதும். மோத்து எனப்படும் குட்டித் தீவுகளுக்கு இடையே, கடலிலிருந்து காயலை நோக்கி ஓடும் ஆழமில்லாத கால்வாய் அது. தாஹா தீவின் பவளத் தோட்டம் அப்படிப்பட்டது. மோத்துவின் ஓரமாகக் கடல் பக்கம் நடந்து போய், அங்கே இறங்கி, ஓட்டத்தோடு காயல் பக்கம் மிதந்து வர வேண்டும். தடித்த அடியுள்ள ரப்பர் செருப்பு கட்டாயம். அடியில் கல்போல் கிடக்கும் கல்மீனின் நச்சு முள் மெல்லிய அடியைத் துளைத்துவிடும். முழுக்கைச் சட்டை வெயிலுக்கு மட்டுமல்ல, பவளக் கீறலுக்கும்தான். அந்தக் காயம் எளிதில் ஆறாது. ஆழம் குறையும் இடத்தில் காலை ஊன்றாதீர்கள். கையை மார்போடு சேர்த்து, உடலைப் படுக்கை வசத்தில் வைத்தால் இரண்டடி நீரிலும் கடந்துவிடலாம்.

எங்கே இறங்கினாலும் முதலில் ஒரு காய்ந்த தேங்காய் மட்டையை நீரில் விடுங்கள். 20 விநாடியில் அது 10 மீட்டர் போனால் ஓட்டம் ஒரு நாட். சாதாரண நீச்சல்காரர் அதை எதிர்த்து நெடுநேரம் தாங்க மாட்டார். ஓரத்து ஓட்டம் பெரும்பாலும் அருகிலுள்ள ஆவாவை நோக்கியே போகும் என்பதால், முதலில் எதிர்த்திசையில் நீந்திவிட்டுத் திரும்பும்போது அதன் போக்கில் வருவது நல்லது. இழுக்கப்பட்டால் எதிர்த்துப் போராடாமல் குறுக்காகக் கரையை நோக்கி நீந்த வேண்டும். ஆவாவைத் தாண்டி வெளியே போய்விட்டாலோ, ஓட்டம் விசிறியாக விரிந்து தளரும். உடனே பக்கவாட்டில் திட்டை நோக்கி ஒதுங்கினால் உடையும் அலைக்குள் சிக்க நேரும். நீல நீரிலேயே மிதந்து கையை உயர்த்திப் படகுக்குக் காத்திருக்க வேண்டும்.