பேட்டரி மாட்டும்போது வரும் ‘டப்’

போன மாதம் ஒருவர் ஸ்கூட்டர் பேட்டரியைத் தோளில் சுமந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். “அண்ணே, நேத்து வரைக்கும் ஓடுச்சு, காலையில சார்ஜ் போட்டு மாட்டுனேன், டப்புன்னு ஒரு சத்தம், அதோட செத்துடுச்சு” என்றார். மீட்டரை வைத்துப் பார்த்தால் பூஜ்யம். சார்ஜரை மாட்டியதும் 54 வோல்ட் வந்துவிட்டது. பேட்டரிக்கு ஒன்றுமில்லை, உள்ளே இருந்து பேட்டரியைக் காவல் காக்கும் பிஎம்எஸ் என்ற போர்டு, வெளியே ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்து லைனை வெட்டியிருக்கிறது. ஆனால் கனெக்டர் பின்னைப் பார்த்தேன், கரி பிடித்து, நுனியில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. அது ஒருநாள் வேலையில்லை, மாட்டும்போதெல்லாம் அந்த ‘டப்’போடு வந்த பொறி செய்த வேலை.

“சாவி ஆஃப்ல தானே இருக்கு, அப்புறம் எப்படிப் பொறி வரும்?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். பல வண்டிகளில் சாவி, மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலரின் மூளைக்குப் போகும் சின்ன ஒயரைத்தான் நிறுத்துகிறது. பேட்டரியின் தடித்த ஒயர் நேராக உள்ளே சார்ஜைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டருக்குப் போகிறது. காலியான கெப்பாசிட்டர் முதல் கணத்தில் கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரிதான். 13 செல் வரிசையுள்ள 48 வோல்ட் லித்தியம்-அயான் பேட்டரி முழுச் சார்ஜில் 54.6 வோல்ட், வழியில் உள்ள மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம் என்றால் கணக்குப்படி 546 ஆம்பியர். ஒயரின் இண்டக்டன்ஸ், அதாவது கரண்டைச் சட்டென்று ஏறவிடாத குணம், கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், எல்லாம் ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிந்தும் போகும், ஆனால் அந்த ஆற்றல் பின்னின் ஊசிமுனை இடத்தில் இறங்குவதால் உலோகம் உருகித் தெறிக்கிறது. குழி விழுந்த பின்னில் 0.02 ஓம் ஏறினால்கூட, வண்டி 30 ஆம்பியர் இழுக்கும்போது அந்த ஒரே இடத்தில் 18 வாட் சூடு. கனெக்டரின் பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொண்டு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பது என் அனுபவம்.

இதற்கு மருந்து, கரண்டை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர். 100 ஓம், 5 வாட், கம்பி சுற்றிய ஒயர்வவுண்ட் வகை, டீக்காசு. இரண்டு பக்கமும் ஒயர் வைத்து, வெற்று உலோகம் கையில் படாதபடி ஸ்லீவ் போட்டுக்கொள்ளுங்கள். சாவி ஆஃப். நெகட்டிவை முதலில் மாட்டி, பேட்டரி பாசிட்டிவுக்கும் கன்ட்ரோலர் பாசிட்டிவுக்கும் நடுவே ரெசிஸ்டரைப் பிடித்தால் தொடக்கத்தில் அரை ஆம்பியர்தான் போகும், கெப்பாசிட்டர் 1000 மைக்ரோஃபாரட் என்றால் அரை நொடியில் நிரம்பிவிடும். நான் இரண்டு மூன்று நொடி பிடிப்பேன். ரெசிஸ்டரை எடுக்காமலே மெயின் கனெக்டரை மாட்டுங்கள், சத்தமே வராது. சாவி ஆனில் இருந்தாலோ விளக்கு, ஹாரனுக்கு வோல்டேஜைக் குறைத்துத் தரும் டிசி கன்வெர்ட்டர் நேரடியாக இணைந்திருந்தாலோ உள்ளே கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும், கெப்பாசிட்டர் நிரம்பாது, ரெசிஸ்டர்தான் சுடும். தினமும் கழற்றி மாட்டுகிறவர்கள் உள்ளேயே ரெசிஸ்டர் உள்ள எக்ஸ்டி90-எஸ் கனெக்டர் போட்டுக்கொள்வது மேல்.

நேற்று பொறி வந்தது, இன்று கழற்றி உடனே மாட்டினால் வரவில்லை, தானாகச் சரியாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். கெப்பாசிட்டரில் மிச்சச் சார்ஜ் இருக்கிறது, அவ்வளவுதான். கன்ட்ரோலரைத் திறந்து உள்ளே கை வைக்கிற தம்பிகள் இதை மறக்க வேண்டாம்.

லெட் ஆசிட் பேட்டரி போட்ட இ-ஆட்டோக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சார்ஜ் முடியும் தறுவாயில் அந்த பேட்டரிகள் ஹைட்ரஜன் விடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். மூடிய சீட்டுக்கு அடியில், சார்ஜ் முடிந்த கையோடு, டெர்மினல் மேலேயே பொறி விடாதீர்கள். சீட்டைத் தூக்கி வைத்துக் காற்றாட விட்டு அப்புறம் மாட்டுங்கள்.

ரெசிஸ்டர் பிடிப்பதில் இன்னொரு லாபம் உண்டு. பிடித்தபடியே கன்ட்ரோலர் பக்கம் மீட்டரை வைத்தால் வோல்டேஜ் பேட்டரி அளவுக்கு ஏற வேண்டும். ஏறாமல் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட்டிலேயே நின்று ரெசிஸ்டர் சுட ஆரம்பித்தால் கையை எடுத்துவிடுங்கள். ஒன்று பாசிட்டிவ் நெகட்டிவ் மாறியிருக்கிறது, இல்லையென்றால் உள்ளே மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் போயிருக்கிறது. அந்த வண்டியில் மெயின் கனெக்டரை மாட்டவே கூடாது, கன்ட்ரோலரைக் கழற்றி மேசைக்குக் கொண்டு வாருங்கள்.