தொலைந்ததா, கடல் கொண்டதா?

கிரேட் எட்டுப் பிள்ளைகளுக்கு அட்லாண்டிஸ் பற்றி ஒரு வாசிப்புப் பகுதி வந்திருந்தது. முதல் வாக்கியமே இப்படி: "அட்லாண்டிஸ் ஒரு தொலைந்த தீவு இராச்சியம் ஆகும்." வாசித்துக்கொண்டிருந்த பையன் அங்கேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "மிஸ், யார் தொலைச்சாங்க?" கேலிக்காகக் கேட்கவில்லை. முந்தின வாரம்தான் குடையைத் தொலைத்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அவனுக்குத் தெரிந்த 'தொலைந்த' அதுதான்.

இந்தத் 'தொலைந்த' எனக்கும் புதிதல்ல. எங்கள் மொரிசியஸுக்கு அடியில் பழைய கண்டத்துண்டு ஒன்று கிடக்கிறது என்று 2017-இல் செய்தி வந்தபோது எங்கு பார்த்தாலும் "தொலைந்த கண்டம்". பேச்சுப்போட்டியில் "தொலைந்த நாகரிகம்". ஒரு கோயில் மலரில் "நம் தொலைந்த தாயகம்". அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். தொலை என்றால் தூரம். தொலைவு, தொலைபேசி எல்லாம் அந்த வழி. தொலைதல் என்றால் அழிதல், தீர்தல், தோற்றல். காணாமல் போவது என்ற பொருள்தான் இன்று முன்னால் நிற்கிறது. இதற்கு நம்மிடம் இருக்கிற சொல் கடல்கோள். அதில் கோள் என்பது கொள் என்ற வினை முதலெழுத்து நீண்டு பெயரானது. படு, பாடு ஆவதுபோல. கடல் நிலத்தைக் கொள்வது கடல்கோள். அவ்வளவுதான்.

'தொலைந்த' கட்சிக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். "தொலையா நல்லிசை" என்று மலைபடுகடாம் சொல்லும்போது அது அழியாத புகழைத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கில் தொலைந்த நாடு என்றால் அழிந்த நாடு, சரிதானே? சரி, அகராதியில் சரி. ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை. இன்றைய காதில் 'தொலைந்த' என்றால் ஒன்று குடை, இன்னொன்று "தொலைஞ்சு போ" என்ற வசவு. மொழிபெயர்த்தவரும் மலைபடுகடாத்தை நினைத்துக்கொண்டு எழுதவில்லை என்பது எனக்கு நிச்சயம். பிரெஞ்சு 'பெர்தியு'வைப் பார்த்தார், அதற்கு நேராகக் கையில் கிடைத்ததைப் போட்டார். பிரெஞ்சில் அந்த ஒரே சொல்லில் சாவியும் தொலையும், மனிதனும் கெட்டழிவான், காலமும் வீணாகும். நமக்கு அவை மூன்றும் வேறு வேறு வினைகள். அவர்களுக்கு ஒரு சொல் போதும் என்பதற்காக நாமும் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்?

அதிலும் இந்த விஷயத்தில் நமக்கு வறுமையே இல்லை. "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்கிறது சிலப்பதிகாரம். தன் மண்ணைக் கடல் வௌவியதும் சோர்ந்துவிடாமல் பகைவர் நாட்டைப் பிடித்து இடம் தேடிக்கொண்ட பாண்டியனைக் கலித்தொகை பாடுகிறது. இந்திர விழா நின்றுபோனதால் புகாரைக் கடல் கொண்டது என்பது மணிமேகலையின் கதை. கொள்ள, வௌவ. இரண்டிலும் எடுத்தது யார் என்று தெரிகிறது. 'தொலைந்த'வில் ஆளையே காணோம், அதனால்தான் பையன் "யார்?" என்று கேட்டான். 2004 டிசம்பருக்குப் பிறகு இலங்கைப் பத்திரிகைகள் கடற்கோள் என்று எழுதியபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம் 'தீவு இராச்சியம்'. இரண்டு பெயரை அருகில் உட்கார வைத்தால் தொடராகிவிடும் என்று யாரோ நம்புகிறார்கள். மணிமேகலையில் ஆபுத்திரன் கப்பலேறிப் புறப்பட்டது சாவக நாட்டுக்கு. கடல் கடந்த அந்த ஊருக்கு 'நாடு' போதுமாக இருந்தது. புகாருக்குத் தெற்கே முப்பது யோசனை தூரத்தில் இருந்த மணிபல்லவத்தைத் தீவு என்றார்கள். அரசன் இருக்கிறான் என்று சொல்லியே ஆகவேண்டுமானால் தீவரசு என்னலாம். தமிழ் வகுப்பு நண்பர் ஒருவர் 'மூழ்நாடு' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். தூய்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் மூழ்நாட்டில் மூழ்கிப்போனது நாடா, நாட்டுக்காரரா என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு இல்லாத சொல்லைத் தூய்மையாகச் செய்வானேன்?

அட்லாண்டிஸுக்குக் 'கடல் கொண்ட தீவு' சட்டை அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தும். பிளேட்டோ கட்டிய கதை அது. ஹெராக்ளிஸ் தூண்களுக்கு (இன்றைய ஜிப்ரால்டர் நீரிணை) அப்பால் ஒரு தீவு, பத்து அரசர்கள், நடுவில் ஒரு மேடு, அதைச் சுற்றி நீர் வளையம் மூன்று, நில வளையம் இரண்டு, வெள்ளையும் கறுப்பும் சிவப்புமாகக் கல். பிறகு ஒரே பகலில், ஒரே இரவில் கடல் அதைக் கொண்டது. கிரேக்கத் தலைமைக் கடவுள் சீயுஸ் பேசப்போகிற இடத்தில் பிளேட்டோவின் வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. தொலைந்தது என்று வேண்டுமானால் அந்த மிச்ச வாக்கியத்தைச் சொல்லலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அதே சட்டையைப் போடக்கூடாது. எங்கள் தீவுக்கு அடியில் இருப்பதைக் கடல் மட்டும் மூடவில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது சிதறிய துண்டு அது. மேலே எரிமலைக் குழம்பு வழிந்து மூடியது. சில மில்லியன் ஆண்டு வயதுள்ள எங்கள் பாறைக்குள் 300 கோடி ஆண்டுப் பழமையுள்ள சிர்க்கான் என்ற கனிம மணிகள் கிடைத்ததால்தான் தெரியவந்தது. அதைப் 'புதைந்த கண்டம்' என்பேன்.

லெமூரியா இரண்டிலும் சேராது. லெமூர் என்ற விலங்கின் உறவுகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பது எப்படி என்று விளக்க, 1864-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் ஊகித்த ஒரு கண்டத்துக்கு வைத்த பெயர். லத்தீனில் லெமூரெஸ் என்றால் செத்தவர்களின் ஆவிகள்; நேராகப் பெயர்த்தால் பேய்நாடு. கண்டங்கள் நகர்வது தெரிந்ததும் அறிவியல் அதைக் கைவிட்டது. நம்மூர் எழுத்தாளர் மால்கம் டி சசால் விடவில்லை; எங்கள் மலைகளே லெமூரியர் செதுக்கியவை என்று எழுதினார். பீட்டர் போத் மலை உச்சியில் தலைபோல் உட்கார்ந்திருக்கும் பாறையை மாலை வெளிச்சத்தில் பார்த்தால் அவரைக் கோபிக்கத் தோன்றாது. ஆனாலும் இல்லாதது எப்படித் தொலையும்? அது 'கைவிட்ட ஊகம்'. குமரிக் கண்டத்தை இதோடு ஒட்டுகிறவர்கள் கந்தபுராணத்தைத் திறந்து பார்க்கட்டும். அங்கே அது பாரதத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்று, மூழ்கிய பேச்சே இல்லை.

1998-இல் மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போனது என்று நாங்கள் கொதித்தோம். நோட்டுகளையே திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, அதே எழுத்தில் பிள்ளைகளுக்கு என்ன அச்சாகிறது என்பதில் இருந்தால் தேவலை. வாசிப்புப் பகுதி தயாரித்தவர்களுக்கு எழுதினேன். "அடுத்த பதிப்பில் பார்ப்போம்" என்று பதில்.

வகுப்பில் மட்டும் திருத்திவிட்டேன். கொள் என்ற வினையை வைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். அந்தப் பையன் எழுதியது: "என் குடையைக் கடல் கொண்டது." சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டு, எதற்கும் கேட்டேன். ப்ளிக்-ஆன்-ப்ளாக் கடற்கரையில் காற்று பிடுங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டதாம். வீட்டில் பயந்துகொண்டு தொலைந்தது என்று சொல்லியிருக்கிறான்.