பிடித்தம்: 19ஆம் கட்டத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் கைக்கு ஜனவரி இறுதியில் டபிள்யூ-2 படிவம், அதாவது ஆண்டுச் சம்பளத்தையும் எடுத்த வரியையும் காட்டும் சான்று, வரும். அதன் அடியில் மூன்று கட்டங்கள். 18இல் உள்ளூர் வரிக்கு (சம்பளத்தின் மீது நகரங்கள் போடும் வரி) உட்பட்ட சம்பளம், 19இல் அதிலிருந்து எடுத்த வரி, 20இல் எந்த ஊருக்காக எடுத்தார்கள் என்ற பெயர். 19இல் இருக்கும் தொகையை ஆங்கிலத்தில் 'வித்ஹோல்டிங்' என்கிறார்கள். அங்குள்ள தமிழர்களும் பெரும்பாலும் அப்படியேதான் சொல்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லின் முன்பாதியான 'வித்' பழங்காலத்தில் 'எதிராக, விலக்கி' என்ற பொருளில் வழங்கியது. ஆகவே 'வித்ஹோல்ட்' என்றால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொள்வது. இலங்கையில் வழங்கும் 'நிறுத்திவைத்தல் வரி' இந்த வேர்ப்பொருளை ஒட்டியது. ஆனால் பணம் எங்கும் நிற்பதில்லை. நிறுவனம் அதை எடுத்து, உங்கள் பெயரில் நகராட்சிக்குக் கட்டிவிடுகிறது. 'பி.எஃப். பிடித்தம் போக இவ்வளவு' என்று நாம் நாள்தோறும் சொல்வதில் இரண்டுமே இருக்கின்றன: எடுத்ததும், எடுத்ததற்குக் கணக்கு உண்டு என்பதும். அதனால் 'பிடித்தம்' போதும். அதே சொல்லுக்கு விருப்பம் என்றும் பொருள் இருப்பது மொழியின் குறும்பு.

'கழிவு' என்று சொல்லிவிடக் கூடாது. கழிவு வருமானத்தைக் குறைப்பது, பிடித்தம் வரிக்கு முன்பணம். ஒஹையோ நகர வரியில் இந்த வேறுபாடு உடனே உறைக்கும். 401(கே) ஓய்வூதியக் கணக்கில் போடும் பணம் மத்திய அரசின் வருமான வரியில் கழியும், நகர வரியில் கழியாது. 18ஆம் கட்டத்துத் தொகை, மத்திய வரிக்கு உட்பட்ட சம்பளத்தைக் காட்டும் 1ஆம் கட்டத்தைவிடப் பெரிதாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான். அச்சுப்பிழை என்று சம்பளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியதில்லை. மறுபுறம், வங்கி வட்டி, பங்கு ஈவுத்தொகை, ஓய்வூதியம் ஆகியவற்றை இந்த வரி தொடுவதில்லை.

சம்பளத்தின் மீது முதலில் வரி போட்ட பெரிய அமெரிக்க நகரம் பிலடெல்பியா. 1939இல் 1.5 சதவீதத்தில் தொடங்கினார்கள். ஒஹையோவில் முதல் நகரம் டொலீடோ, 1946. இடையில் 1943இல் மத்திய அரசு சம்பளப் பிடித்தத்தையும் தவணை முறையையும் சட்டமாக்கியது.

'உள்ளூர் வரி' என்பதில்தான் உண்மையான சிக்கல். எந்த ஊர்? ஆங்கிலத்தின் 'லோக்கல்' இதைச் சொல்லாது, நம் 'உள்ளூர்' அதைவிடச் சொல்லாது. வேலை பார்க்கும் ஊருக்கு வரி உண்டு, குடியிருக்கும் ஊருக்கும் உண்டு. 'பணியூர் வரி', 'குடியூர் வரி' என்று பிரித்துச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். நிறுவனம் பிடிப்பது பணியூர் வரி. குடியூர் வரிக்குப் பொறுப்பு நீங்கள்.

கொலம்பஸ் நகரின் வரி 2.5 சதவீதம், அருகிலுள்ள டப்ளினில் 2 சதவீதம். கொலம்பஸில் குடியிருந்து டப்ளினில் வேலை பார்க்கும் ஒருவருக்கு 80,000 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். டப்ளினுக்காக 1,600 டாலர் பிடிப்பார்கள். கொலம்பஸுக்கான வரி 2,000. டப்ளினில் கட்டியதை கொலம்பஸ் தன் வரியில் ஈடு செய்துகொள்ளும், பாக்கி 400. இப்படி ஈடு செய்வதற்கு ஆங்கிலத்தில் 'கிரெடிட்'. கடைக் கணக்கின் 'வரவு' இங்கே பொருந்தாது, ஏனென்றால் பணம் கொலம்பஸுக்கு வரவே இல்லை. 'ஈடு' சரியான சொல். திருப்பிப் பாருங்கள்: டப்ளினில் வீடு, கொலம்பஸில் வேலை. 2,000 பிடிப்பார்கள், டப்ளினுக்குப் பாக்கி இல்லை. ஆனால் கூடுதலாகப் போன 400ஐ யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஈட்டுக்குக் குடியூரின் வரி விகிதமே உச்சவரம்பு. அதிலும் எல்லா ஊரும் முழு ஈடு தருவதில்லை. வீடு பார்க்கும்போதே விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

அந்த 400 டாலர் பாக்கியை முன்கூட்டியே கணித்துத் தவணைகளில் கட்டும் முறைக்குப் பெயர் 'எஸ்டிமேட்டட் பேமென்ட்'. 'மதிப்பீட்டு வரி' என்று எழுதினால் வரித்துறை செய்யும் மதிப்பீட்டோடு குழம்பும். இதில் மதிப்பிடுபவர் நீங்கள். குத்துமதிப்பு என்பதே நேரான சொல், ஆனால் படிவத்தில் ஏறாது. 'முன்கணிப்புத் தவணை' என்று வைத்துக்கொள்ளலாம். 'காலாண்டுத் தவணை' என்று மட்டும் வேண்டாம். கெடு நாள்கள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. முதல் இரண்டுக்கும் நடுவே இரண்டே மாதம். 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை' என்று நினைத்து ஜூலைக்குக் காத்திருப்பவர்கள் இரண்டாவது தவணையைக் கோட்டை விடுகிறார்கள்.

ஈடும் பிடித்தமும் போக ஆண்டுக்கு 200 டாலரோ அதற்கு மேலோ பாக்கி வரும் என்றால் தவணை கட்டாயம். முதல் கெடுவுக்குள் அந்தப் பாக்கியில் 22.5 சதவீதம், பிறகு மொத்தமாக 45, 67.5, 90 என்று ஏற வேண்டும். 400க்கு ஒவ்வொரு முறையும் 90 டாலர், மிச்சம் 40 கணக்கு தாக்கல் செய்யும்போது. தவறினால் கட்டாத தொகையில் 15 சதவீதம் வரை அபராதம், அதற்கு மேல் வட்டி.

தவணையே வேண்டாம் என்றால், குடியூர் வரியையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி நிறுவனத்தைக் கேட்கலாம். இதை 'கர்ட்டசி வித்ஹோல்டிங்' என்கிறார்கள். 'மரியாதைப் பிடித்தம்' என்று மொழிபெயர்த்தால் சிரிப்பு வரும். 'இசைவுப் பிடித்தம்' எனலாம், ஏனென்றால் அது நிறுவனம் இசைந்தால் மட்டுமே நடக்கும்.

ஆண்டு வருமானம் ஏறி இறங்கும் என்றால் கணிப்பு தவறத்தான் செய்யும். அதற்குச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. அந்த ஊரில் போன ஆண்டு முழுவதற்கும் கணக்கு தாக்கல் செய்திருந்து, அதில் வந்த வரியின் அளவுக்கு இந்த ஆண்டு தவணைகளை உரிய நாளில் கட்டியிருந்தால், இந்த ஆண்டின் பாக்கி எவ்வளவு பெரிதானாலும் தவணைக் குறைவுக்கு அபராதம் இல்லை. ஜனவரி 1 அன்று அந்த ஊரில் குடியில்லாமல் நடு ஆண்டில் வந்து சேர்ந்தவருக்கும் முதல் ஆண்டில் இந்த அபராதம் கிடையாது. வரி மட்டும் உண்டு, குடியேறிய நாளிலிருந்து.